வாசகர் கேள்வி – பதில்: மாணவியர் உண்ணும் முறையும் ஊட்டச்சத்து நிலையும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி கல்லூரி மாணவியரும் அவர்களைச் சார்ந்தோரும் எழுதியவை. எவ்வளவு உண்கிறோம் என்பதைக் காட்டிலும் எப்போது, எந்த மனநிலையில், எதனோடு சேர்த்து உண்கிறோம் என்பதே அவற்றில் பலவற்றுக்கு அடிப்படையாக இருப்பதால், அவற்றை ஒரே இடத்தில் தொகுத்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 20. உயரத்துக்கு ஏற்ற எடை இருப்பதாகக் கல்லூரி மருத்துவ முகாமில் சொன்னார்கள். ஆனாலும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வகுப்பில் கவனம் நிற்பதில்லை, பனிக்கட்டியைக் கடித்துத் தின்ன வேண்டும் என்ற ஆசை ஓயாமல் வருகிறது. எடை சரியாக இருக்கும்போது சத்துக் குறைபாடு இருக்க முடியுமா?
– இளங்கலை மாணவி

பதில்: இருக்க முடியும், உங்கள் வயதுப் பெண்களிடம் அது அரிதும் அன்று. கிலோகிராமில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீடு. அது 18.5 முதல் 24.9 வரை இருந்தால் இயல்பு என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. 1.60 மீட்டர் உயரமும் 51 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்குக் குறியீடு ஏறத்தாழ 20 வரும். முகாமில் இருப்பவர் இயல்பு என்று குறித்துக்கொண்டு அடுத்தவரை அழைத்துவிடுவார். ஆனால் அந்த எண், உடலுக்கு வந்த ஆற்றலுக்கும் செலவான ஆற்றலுக்கும் இடையே உள்ள நீண்டகாலக் கணக்கைத்தான் ஓரளவு காட்டும். இரும்புச் சத்தும், ஃபோலேட், பி12 ஆகிய வைட்டமின்களும், கால்சியமும் போதிய அளவு இருக்கின்றனவா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மாவுப் பண்டங்களும் இனிப்பும் பொரித்த தின்பண்டங்களும் எடையைக் குறையாமல் காப்பாற்றிவிடும், இரத்தத்தைக் காப்பாற்றமாட்டா.

நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகளில் பனிக்கட்டி ஆசையை நான் முதலில் கவனிக்கிறேன், ஏனெனில் அது இரும்புச் சத்துக் குறைபாட்டோடு சேர்ந்து வருவதாக மருத்துவம் நன்கு அறிந்த அறிகுறி. மாதவிடாயில் இரத்தம் இழப்பதால், 19 முதல் 50 வயது வரையுள்ள பெண்களுக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராம் இரும்புச் சத்து தேவை என்று அமெரிக்கப் பரிந்துரைகள் கூறுகின்றன; அதே வயது ஆண்களுக்கு 8 மில்லிகிராம் போதும். ஆணைவிடக் குறைவாக உண்ணும் பெண்ணுக்கு ஆணைவிட இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இரும்புச் சத்து தேவைப்படுகிறது என்பதே இதன் பொருள். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் உலக அளவில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உண்ணும் முறை இங்கேதான் குறுக்கிடுகிறது. தாவர உணவில் உள்ள இரும்பு, இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பைவிடக் குறைந்த அளவிலேயே உடலில் சேரும். அதே வேளையில் வைட்டமின் சி நிறைந்த பழமோ காயோ உடன் இருந்தால் அது கூடும். உணவோடு தேநீரோ காப்பியோ குடித்தால் குறையும். ஒரே உணவை உண்ணும் இரண்டு மாணவியரில், உணவோடு தேநீர் குடிப்பவளுக்கும் ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பவளுக்கும் கிடைக்கும் இரும்பின் அளவு வேறுபடும். இந்த மாற்றத்தை நீங்கள் இன்றே செய்யலாம்.

ஆனால் அதோடு நின்றுவிடாமல் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழ் இருந்தால் இரத்தசோகை. 12-ஐத் தாண்டியிருந்தாலும் அதோடு விட்டுவிட வேண்டாம்; உடலில் இரும்பு இருப்பு கரைந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும் என்பதால், அந்த இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற புரதத்தின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் இருப்பு தீர்ந்துவிட்டதாகக் கொள்ள வேண்டும். மாதவிடாயில் போக்கு மிகுதியா, குடற்புழு இருக்கிறதா, தைராய்டு சீராக இருக்கிறதா என்பதையும் மருத்துவர் பார்க்க வேண்டியிருப்பதால், நீங்களாகவே மாத்திரையைத் தொடங்காதீர்கள்.

கேள்வி: ஆய்வேட்டுக்காக எங்கள் கல்லூரி மாணவியரிடம் உண்ணும் நடத்தை பற்றிய வினாத்தாளைக் கொடுத்து, அவர்களுடைய எடையையும் உயரத்தையும் குறித்துக்கொண்டேன். உணவைக் கட்டுப்படுத்துவதில் அதிக மதிப்பெண் பெற்றவர்களுக்கே உடல் நிறைக் குறியீடும் அதிகமாக இருக்கிறது. உணவுக் கட்டுப்பாடு எடையைக் கூட்டுகிறது என்று முடிவு எழுதலாமா?
– ஊட்டச்சத்தியல் முதுகலை மாணவி

பதில்: எழுதக் கூடாது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இத்துறையில் மாணவர் ஆய்வுகள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான்.

நீங்கள் பயன்படுத்திய வினாத்தாள் 1986-இல் நெதர்லாந்தில் உருவான 33 கேள்விகள் கொண்டதாக இருந்தால், அது மூன்று நடத்தைகளைத் தனித்தனியே அளக்கிறது: எடைக்கு அஞ்சி உணவைக் குறைப்பது, கவலை சலிப்பு போன்ற உணர்ச்சிகளுக்கு ஆட்பட்டு உண்பது, பசியில்லாமலே பண்டத்தின் தோற்றமும் மணமும் தூண்டியதால் உண்பது. அதற்கு ஓராண்டு முன்னர் ஸ்டங்கார்ட், மெசிக் இருவரும் வெளியிட்ட 51 கேள்விகள் கொண்ட வினாத்தாளாக இருந்தால், கட்டுப்பாடு, கட்டுப்பாடு தளர்தல், பசியுணர்வு என்று பிரிவுகள் வேறாக இருக்கும். இரண்டிலும் 'கட்டுப்பாடு' என்ற பகுதி, குறைத்து உண்ண வேண்டும் என்ற முனைப்பையும் முயற்சியையும்தான் பெரும்பாலும் பதிவு செய்கிறது. அந்த மாணவி உண்மையில் குறைவாக உண்டாளா என்பது வேறு கேள்வி.

இப்போது உங்கள் முடிவைப் பாருங்கள். ஒரே நாளில் ஒரே முறை திரட்டிய தரவு இது. எடை கூடிய மாணவி, கூடியதைக் கண்டு கவலைப்பட்டு உணவைக் குறைக்கத் தொடங்கியிருக்கலாம். மெலிந்த மாணவிக்கு அந்தக் கவலையே எழுந்திருக்காது. அப்படியானால் எடைதான் கட்டுப்பாட்டுக்குக் காரணம், கட்டுப்பாடு எடைக்குக் காரணம் அன்று. எது முன், எது பின் என்பதை ஒரு நாள் தரவால் பிரித்துக் காட்ட முடியாது. ஆகவே இரண்டும் தொடர்புடையனவாகக் காணப்பட்டன என்று எழுதுங்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம்.

இதனால் எதிர்த்திசையில் எதுவுமே நிகழாது என்று நினைத்துவிடாதீர்கள். 1975-இல் ஹெர்மன், மாக் என்ற இருவர் கல்லூரி மாணவியரைக் கொண்டு நடத்திய ஆய்வு இன்றும் பாடமாக உள்ளது. மாணவியர் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பின்னர் எல்லோரிடமும் ஐஸ்கிரீமைச் சுவைத்துக் கருத்துச் சொல்லும்படி கேட்டு, எவ்வளவு உண்டார்கள் என்று அளந்தார்கள். வழக்கமாகக் கட்டுப்பாடின்றி உண்பவர்கள், மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் உணவைக் கட்டுப்படுத்துபவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகு அதிகமாக உண்டார்கள். இன்றைய விரதம் முறிந்துவிட்டது, இனிக் காப்பாற்ற ஒன்றுமில்லை என்ற மனநிலையே இதற்குக் காரணம் என்று விளக்கினார்கள். பின்வந்த ஆய்வுகள், 'இதை ஒருபோதும் தொடமாட்டேன்' என்ற இறுக்கமான கட்டுப்பாட்டையும், 'இன்று சற்று அதிகமாகிவிட்டது, நாளை பார்த்துக்கொள்வோம்' என்ற நெகிழ்வான கட்டுப்பாட்டையும் பிரித்துக் காட்டின. கட்டுப்பாடு தளர்ந்து மிகையாக உண்பதும் கூடுதல் எடையும் இறுக்கமான வகையோடுதான் அதிகம் சேர்ந்து காணப்பட்டன. உங்கள் தரவில் இந்தப் பிரிவைப் பார்க்க வழியிருந்தால் அவசியம் பாருங்கள்.

இன்னும் சில எச்சரிக்கைகள் உண்டு. எடையையும் உயரத்தையும் நீங்களே அளந்தீர்களா, அவர்கள் சொன்னதைக் குறித்தீர்களா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். சொல்லும்போது எடை குறைவதும் உயரம் கூடுவதும் பல நாடுகளில் கண்ட வழக்கம். 19 வயதுக்குட்பட்டவர்கள் இருந்தால் அவர்களை 18.5, 25 என்ற எல்லைகளால் பிரிக்காமல், உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட வயதுவாரி அட்டவணையைப் பயன்படுத்துங்கள். முந்தைய நாள் உண்டதை ஒருமுறை கேட்டு எழுதியது அந்த மாணவியின் வழக்கமான உணவைக் காட்டாது. உணவைக் கட்டுப்படுத்துபவர்கள் உண்டதைக் குறைத்துச் சொல்வதும் அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊட்டச்சத்து நிலை என்று தலைப்பில் எழுதிவிட்டு எடையை மட்டும் அளந்து நிறுத்திவிடாதீர்கள். விருப்பமுள்ள சிலருக்கேனும் ஹீமோகுளோபினைப் பார்த்து, மாதவிடாய் ஒழுங்கையும் கேட்டறிந்தால், உங்கள் ஆய்வேடு அந்த மாணவியருக்கே பயன்படும்.

கேள்வி: என் மகள் காலையில் எதுவும் உண்ணாமல் கல்லூரிக்குப் போகிறாள். காலை உணவைத் தவிர்த்தால் உடல் பருக்கும் என்று சொல்லி வற்புறுத்துகிறேன். நான் சொல்வது சரிதானே?
– ஒரு தாய்

பதில்: அக்கறை சரி, அம்மா, சொல்லும் காரணம் சரியில்லை. காலை உணவைத் தவிர்ப்பவர்களிடம் எடை கூடுதலாக இருப்பதைப் பல கணக்கெடுப்புகள் கண்டிருக்கின்றன. ஆனால் சிலரைக் காலையில் உண்ண வைத்தும் சிலரைத் தவிர்க்க வைத்தும் ஒப்பிட்ட சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, காலையில் உண்பது எடையைக் குறைப்பதற்கு ஆதாரம் இல்லை என்றே முடிவு செய்தது. உங்கள் மகள் இதை எங்கேனும் படித்துவிட்டால், நீங்கள் சொல்லும் மற்ற நல்ல காரணங்களையும் நம்பமாட்டாள்.

உண்மையான இழப்பு வேறு. பாலும் தானியமும் பழமும் முட்டையும் பலருக்குக் காலை வேளையில்தான் கிடைக்கின்றன; அந்த வேளை போனால் கால்சியமும் நார்ச்சத்தும் பல வைட்டமின்களும் மற்ற வேளைகளில் பெரும்பாலும் ஈடுகட்டப்படுவதில்லை. முற்பகலில் பசி மிகும்போது கைக்கு எட்டுவது இனிப்போ பொரித்த பண்டமோதான். நேரமின்மையால் தவிர்க்கிறாளா, காலையில் பசியே எழுவதில்லையா, எடையைக் குறைக்கத் தவிர்க்கிறாளா என்று முதலில் கேட்டறியுங்கள். முதல் இரண்டுக்கும் கையில் எடுத்துச் சென்று பத்து மணிக்கு உண்ணக்கூடியதைக் கட்டிக் கொடுப்பது போதும். மூன்றாவதாக இருந்தால் வற்புறுத்தல் உதவாது. பொறுமையாக உட்கார்ந்து பேச வேண்டும்.

கேள்வி: ஐந்து மாதங்களில் 11 கிலோ எடை குறைத்தேன். எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆனால் மூன்று மாதங்களாக மாதவிடாய் வரவில்லை. நாள் முழுவதும் உணவைப் பற்றிய நினைவாகவே இருக்கிறது. இரவில் சில நாள் கட்டுப்பாடிழந்து உண்டுவிட்டு அழுகிறேன். என் மனவுறுதி ஏன் இப்படிக் குலைகிறது?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: அன்புள்ள மகளுக்கு, உங்கள் மனவுறுதியில் குறையில்லை. இரண்டாம் உலகப்போரின் இறுதிக் கட்டத்தில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 24 வாரங்கள் அரைப்பட்டினி உணவு கொடுத்து ஆராய்ந்தார். தாமாகவே முன்வந்த அந்த இளைஞர்கள் நாள் முழுதும் உணவைப் பற்றியே பேசினார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், சோர்வுக்கும் எரிச்சலுக்கும் ஆளானார்கள்; உணவு மீண்டும் கிடைத்தபோது சிலர் வயிறு நிறைந்த பின்னும் நிறுத்த முடியாமல் உண்டார்கள். பட்டினி கிடக்கும் உடல் மூளையை அப்படி ஆட்டிவைக்கிறது. நீங்கள் எழுதியிருப்பது ஏறத்தாழ அதே நிலைதான்.

மாதவிடாய் நின்றதை நீங்கள் கடிதத்தின் நடுவில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதை முதலில் வைக்கிறேன். சீராக வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதங்கள் வராவிட்டால் மருத்துவர் காரணத்தைத் தேட வேண்டும் என்பது பொது விதி. கருத்தரிப்பு, தைராய்டு, புரோலாக்டின் என்ற ஹார்மோன், சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி ஆகியவற்றைப் பரிசோதித்து விலக்கிய பிறகு, போதாத உணவே காரணம் என்ற முடிவுக்கு அவர் வரக்கூடும். உடற்பயிற்சிக்குச் செலவானது போக எஞ்சும் ஆற்றல், கொழுப்பு நீங்கலான உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 கிலோ கலோரிக்குக் கீழே போகும்போது, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி சினைப்பையைத் தூண்டும் சமிக்ஞைகளைக் குறைக்கிறது. கொழுப்பு நீங்கலாக 40 கிலோ உள்ள பெண்ணுக்கு அந்த எல்லை 1,200 கிலோ கலோரி. ஆய்வகத்தில் ஐந்தே நாட்கள் உணவைக் குறைத்தபோதே இந்தச் சமிக்ஞைகளின் ஒழுங்கு குலைந்தது.

அந்தச் சமிக்ஞைகள் குறைந்தால், சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனும் குறையும்; அது குறைந்தால் எலும்பு தேயும். பெண்ணின் எலும்பு வலிமையில் பெரும்பகுதி 18 வயதுக்குள் உருவாகிவிடுகிறது. எஞ்சியது இருபதுகளில் நிறைவடைகிறது. அதாவது எலும்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டிய ஆண்டுகளில் நீங்கள் அதைச் செலவழித்துக்கொண்டிருக்கிறீர்கள். மாதவிடாயை வரவைக்க மட்டும் கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்வது தீர்வாகாது. மாத்திரையால் வரும் இரத்தப்போக்கு உள்ளே உள்ள குறையை மறைத்துவிடும். இந்த வாரமே மகளிர் மருத்துவரைப் பாருங்கள். அழுகையையும் கட்டுப்பாடிழந்து உண்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மனநல நிபுணரையும் உணவியல் நிபுணரையும் சேர்த்துப் பார்க்கும்படி அவர் சொன்னால் தயங்க வேண்டாம். பாராட்டுபவர்கள் உங்கள் எடையை மட்டும் பார்க்கிறார்கள். அவர்களுக்காக இந்த நிலையை நீட்டிக்காதீர்கள்.

கேள்வி: என் அறைத்தோழி ஒவ்வொரு வேளையும் உண்டு முடித்த உடனே கழிவறைக்குப் போய் நெடுநேரம் இருக்கிறாள். எடை இயல்பாகத்தான் இருக்கிறது. கேட்கவும் பயமாக இருக்கிறது.
– விடுதி மாணவி

பதில்: கேளுங்கள். உண்டதை வேண்டுமென்றே வாந்தியெடுத்து வெளியேற்றும் நோய் உள்ளவர்களில் பலருக்கு எடை இயல்பாகவே இருக்கும் என்பதால், எடையைக் கண்டு நிம்மதி அடைய வேண்டாம். இது பல்லின் மேற்பூச்சை அரிக்கும். இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைத்து இதயத் துடிப்பையே பாதிக்கும்.

இருவரும் தனியாக இருக்கும்போது, உணவு நேரமல்லாத வேளையில் பேசுங்கள். எடை, தோற்றம், உண்ட அளவு ஆகியவற்றைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். "உன்னைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது, மருத்துவரிடம் போவதானால் நானும் கூட வருகிறேன்" என்று சொன்னால் போதும். முதலில் மறுப்பாள், கோபமும் வரலாம். சில நாள் கழித்து மீண்டும் சொல்லுங்கள். அவளைக் கண்காணிப்பது உங்கள் வேலை அன்று. ஆனால் மயக்கம், படபடப்பு, வாந்தியில் இரத்தம், உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு இவற்றில் எது நேர்ந்தாலும், இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்திருந்தாலும், உடனே பெரியவர்களிடம் சொல்லி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: மாணவியருக்கு உடல்நலத்தில் ஆர்வம் வர, எல்லோருடைய எடையையும் மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் வெளியிட எண்ணியிருக்கிறோம். உங்கள் கருத்து?
– விடுதிக் காப்பாளர்

பதில்: தயவுசெய்து கைவிடுங்கள். எடை குறித்த கேலிக்கு ஆளான பெண்களிடம் ஒழுங்கற்ற உணவுப் பழக்கமும், பின்னாளில் கூடுதல் எடையும் அதிகம் காணப்படுவதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்குச் செலவிடும் உழைப்பை ஆண்டுக்கொரு ஹீமோகுளோபின் பரிசோதனைக்குச் செலவிடுங்கள். முடிவை அந்தந்த மாணவியிடம் தனியாகக் கொடுங்கள்.

கேள்வி: தேர்வுக் காலத்தில் எனக்குத் தின்பண்டம் இல்லாமல் படிக்க முடிவதில்லை, என் தங்கைக்கோ உணவே இறங்குவதில்லை. ஏன் இந்த வேறுபாடு?
– சட்டக் கல்லூரி மாணவி

பதில்: இரண்டும் இயல்பான எதிர்வினைகளே. திடீர் அச்சம் பசியை அடக்கும். வாரக்கணக்கில் நீளும் மன அழுத்தம் கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவை உயர்த்தி இனிப்பு, கொழுப்புப் பண்டங்களின் மீது நாட்டத்தைக் கூட்டும். ஒருவரிடம் எது மேலோங்கும் என்பது அவருடைய வழக்கத்தையும் பொறுத்தது. உணவைக் கட்டுப்படுத்தி வருபவர்கள் அழுத்தத்தின்போது கட்டுப்பாடிழப்பது அதிகம். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடி, நிறைவை உணர்த்தும் லெப்டின் குறைவதும் இதோடு சேர்ந்துகொள்ளும். காஃபீன் பாதியளவு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மாலைக்குப் பின் காப்பியைத் தவிருங்கள். உணவு நேரங்களை முன்கூட்டியே வகுத்து, புத்தகத்தை மூடிவிட்டு உண்ணுங்கள். தங்கைக்கு மூன்று பெரிய வேளைகளுக்குப் பதிலாகச் சிறிது சிறிதாக ஐந்தாறு முறை கொடுத்தால் இறங்கும்.

கேள்வி: சத்து மாத்திரை ஒன்றைத் தினமும் விழுங்கிவிட்டால் உணவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் அல்லவா?
– செவிலியர் பயிற்சி மாணவி

பதில்: வேண்டும். புரதமும் நார்ச்சத்தும் ஆற்றலும் மாத்திரையில் வாரா. இரத்தசோகை பரவலாக உள்ள இடங்களில் மாதவிடாய் வரும் பெண்களுக்கு வாரம் ஒருமுறை 60 மில்லிகிராம் இரும்பும் 2.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் கொடுக்க உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது உண்மை. அது உணவோடு சேர்ந்த பாதுகாப்பு. உணவுக்கு மாற்று அன்று.

கேள்வி: கலோரி எண்ணத் தொடங்கினால் எனக்கு மனம் அதிலேயே சிக்கிக்கொள்கிறது. எண்ணாமல் என் உணவு போதுமானதா என்று பார்க்க வழி உண்டா?
– பொறியியல் மாணவி

பதில்: உண்டு, உங்களைப் போன்றோர் கலோரி எண்ணாமல் இருப்பதே நல்லது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டி, பெண்களின் உணவை பத்துக் குழுக்களாகப் பிரிக்கிறது: தானியமும் கிழங்கும், பருப்பு வகைகள், கொட்டைகளும் விதைகளும், பாலும் தயிரும், இறைச்சியும் மீனும், முட்டை, கரும்பச்சைக் கீரைகள், வைட்டமின் ஏ நிறைந்த மஞ்சள் ஆரஞ்சு நிறக் காய்கனிகள், மற்றக் காய்கள், மற்றப் பழங்கள். ஒரு பகலும் இரவும் சேர்ந்த நாளில் இவற்றில் ஐந்தையேனும் உண்ணும் பெண்கள் மிகுதியாக உள்ள இடத்தில், நுண்சத்துகள் போதிய அளவு கிடைக்கும் வாய்ப்பும் மிகுதி. இது மக்கள் கூட்டத்தை மதிப்பிட வகுத்த அளவுகோல் என்பதால், ஒரு நாள் நான்கு குழு மட்டும் வந்துவிட்டது என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். ஒரு வாரத்தைத் திரும்பிப் பார்த்து, எந்தக் குழு ஒருமுறையும் வரவில்லை என்று மட்டும் கவனியுங்கள். பெரும்பாலும் விடுபடுவது கீரையும் பழமும் கொட்டைகளும்தான். அவற்றுள் உங்களுக்கு எளிதில் கிடைப்பதும் பிடித்ததும் எதுவோ, அடுத்த வாரம் அதை முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.